ஏரியைத் திறந்தது யார், காசு தராதது யார்? வெள்ளப் பழி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது சென்னை தாம்பரம் அருகே முடிச்சூரில், அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில். 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் இருக்கும் ஜாலி வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. விடியும்போது ஸ்விட்ச் போர்டைத் தொட்டிருந்தது. அந்த மண்கோடு இருக்கும் ஒரு சுவரை மட்டும் இன்றுவரை வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறேன்.

எங்கள் தெரு நலச்சங்கத்தில் இருப்பதால், ஐப்பசி பிறந்தாலே ஆட்கள் என்னிடம் கேள்வியோடு வருவார்கள். டீக்கடையில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வெள்ளத்துக்கு யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குத் தெளிவு வேண்டும்.

"செம்பரம்பாக்கத்தைத் திறந்ததாலதானே அண்ணே உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு?"

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்களே இதைத் தப்பாகச் சொல்கிறார்கள். அடையாறு ஆதனூர்ப் பக்கம் புறப்பட்டு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலைக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகில். அதாவது எங்களைத் தாண்டிய பிறகு. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும், தாம்பரத்தில் கொட்டிய மழையும்.

அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் இவையெல்லாம் அதற்குக் கீழே. அங்கே செம்பரம்பாக்கத் தண்ணீரும் எங்கள் தண்ணீரும் சேர்ந்து போனது. ஆகவே "செம்பரம்பாக்கம்தான் காரணம்" என்று முடிச்சூர்க்காரர் சொன்னால் தப்பு, ஜாபர்கான்பேட்டைக்காரர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பழி சொல்வதற்கு முன் உங்கள் வீடு ஆற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"29,000 கன அடி, 3 டிஎம்சின்னு சொல்றாங்களே, ஒண்ணும் புரியல. எவ்வளவு தண்ணி அது?"

கன அடி என்று செய்தியில் சொல்வது ஒரு நொடிக்குப் போகும் அளவு. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டதாகச் சொல்லும் 29,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியாக வைத்துக்கொண்டால், நொடிக்குக் கிட்டத்தட்ட 68 லாரி.

டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் அளவு, 100 கோடி கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி. 29,000 கன அடி வீதம் ஒரு முழு நாள் திறந்துவிட்டால் 2.5 டிஎம்சி போய்விடும். இந்தக் கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும், கீழே வரும் பாதி சண்டை புரிந்துவிடும்.

"அப்ப 2015 வெள்ளத்துக்கு யார் காரணம்? மழையா, அரசாங்கமா?"

மழை சாதாரண மழை இல்லை. நவம்பர் மாதம் மட்டும் சென்னையில் 100 செ.மீ.-க்கு மேல் பெய்து மண் ஊறிக் கிடந்தது, ஏரிகள் எல்லாம் தளும்பி நின்றன. அதற்கு மேல் டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. யார் ஆண்டிருந்தாலும் அன்றைக்கு ஊருக்குள் தண்ணீர் வந்திருக்கும்.

ஆனால் முழங்கால் தண்ணீருக்கும் முதல் மாடித் தண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் அரசு பதில் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை இதை மனிதனால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது. ஏரி நிர்வாகம், ஆக்கிரமிப்பு, வடிகால், முன்தயாரிப்பு என்று பல இடங்களில் அரசின் மேல் குறை வைத்தது. மழையா அரசா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மழைக்கு அரசு பொறுப்பில்லை, மழை வந்த பிறகு நடந்ததற்குப் பொறுப்பு.

"ஏரியை முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா திறந்துவிட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமே?"

அதிகம் பேர் கேட்பது இது. எனக்கும் அதிக நாள் தூக்கம் கெடுத்த கேள்வி. டிசம்பர் 1 காலையில் ஏரியில் 3 டிஎம்சிக்கு மேல் இருந்தது. முந்தைய வாரம் மழை ஓய்ந்திருந்தபோது 1 டிஎம்சியைப் பக்குவமாக வெளியேற்றியிருந்தால், அந்த இடத்தில் 29,000 கன அடி வரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். ஒன்பது மணி நேரம் என்பது மூட்டை கட்டிக்கொண்டு, வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறப் போதுமான நேரம்.

ஆனால் அந்த 1 டிஎம்சி சென்னைக்கு ஏறக்குறைய ஒரு மாதக் குடிநீர். மழை வராமல் போயிருந்தால், "குடிதண்ணீரைக் கடலில் விட்டுவிட்டார்கள்" என்று இதே ஆட்கள் அதே அதிகாரியைப் பிடித்திருப்பார்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். ஏரிக்கரையில் நிற்கும் பொறியாளரின் பயம் பொய்யான பயம் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மக்கள் சொல்லும் குற்றச்சாட்டு "முன்னமே ஏன் திறக்கவில்லை" என்பது. தணிக்கை அறிக்கை வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது: அன்றைய தினம் ஏரியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, நீர்ப்பிடிப்புக்குள் இருந்த தனியார் நிலங்கள் மூழ்கிவிடக் கூடாது என்று முழுக் கொள்ளளவுக்குப் பிடிக்காமல் அதிகமாகத் திறந்துவிட்டார்கள் என்பது. நவம்பர் கடைசியில் திறக்காதது ஒரு முடிவு. டிசம்பர் 1 மதியம் திறந்த அளவு வேறொரு முடிவு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். இரண்டையும் குழப்பிப் பேசும்போது அதிகாரிகள் ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றதிலிருந்து தப்பித்துவிடுகிறார்கள்.

"அம்மாவோட உத்தரவுக்காக அதிகாரிங்க காத்திருந்தாங்க, அதான் லேட்டுன்னு சொல்றது நிஜமா?"

இது அன்றைக்கு எதிர்க்கட்சிகள் வைத்த குற்றச்சாட்டு. கருணாநிதியும் ஸ்டாலினும் நீதி விசாரணை கேட்டார்கள். தலைமைச் செயலாளராக இருந்த ஞானதேசிகன் நீண்ட அறிக்கை விட்டு மறுத்தார். ஏரி விதிப்படியே இயக்கப்பட்டது, எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, இவ்வளவு மழை வரும் என்று யாரும் சொல்லவில்லை என்பது அவர் தரப்பு.

யாருக்காகவோ காத்திருந்தார்கள் என்பதை நிரூபிக்கும் ஆவணம் எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. அதனால் அதை உண்மை என்று நான் யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய மாட்டேன். அதே சமயம், காத்திருக்கவில்லை என்று காட்ட அரசுக்கு ஒரு வழி இருந்தது. நீதி விசாரணை வைத்து, எந்த மணிக்கு யார் யாருக்குப் போன் செய்தார், எந்த மணிக்கு ஷட்டர் எவ்வளவு தூக்கப்பட்டது என்று பதிவேட்டை எடுத்து மேசையில் போடலாம். அந்த விசாரணையை அரசு வைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் வதந்தி உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

"தணிக்கை அறிக்கையே தப்புன்னு சொல்லிடுச்சே, அப்புறம் யாருக்கு என்ன தண்டனை?"

தணிக்கைத் துறைக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும், துறைகள் விளக்கம் எழுதும். அவ்வளவுதான் அதன் பாதை. 2015-இல் நடந்ததற்கு அறிக்கை மேசைக்கு வந்தது 2018-இல். அதற்குள் ஜெயலலிதா மறைந்துவிட்டார், முதல்வர் நாற்காலியில் இரண்டு பேர் மாறிவிட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழுவும் 2016-இல் சென்னை வெள்ளம் பற்றித் தனி அறிக்கை கொடுத்தது. அதுவும் பரிந்துரைதான்.

"திமுக ஆட்சியில மட்டும் என்ன வாழ்ந்துச்சு? சாத்தனூர்ல நடந்தது என்ன?"

நியாயமான கேள்வி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் 51 செ.மீ., அப்புறம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. சாத்தனூர் அணைக்கு வரத்து எகிறியது. டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி கரையோர ஊர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில்தான் கண் விழித்தார்கள்.

இப்போது வசனங்கள் அப்படியே இருந்தன, பேசியவர்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். 2015-இல் செம்பரம்பாக்கத்துக்கு விளக்கம் சொன்ன அதிமுக, "முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் திறந்தார்கள்" என்றது. அன்றைக்கு விசாரணை கேட்ட திமுக, "முறையாக எச்சரித்தோம், செம்பரம்பாக்கம் போல இல்லை" என்றது. இரண்டு பேருடைய பழைய பேச்சையும் எடுத்து மாற்றி வாசித்தால் சரியாகப் பொருந்தும்.

பொறியியல் ரீதியாக ஒரு வித்தியாசம் உண்டு. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு சுமார் 7.3 டிஎம்சி. 1.68 லட்சம் கன அடி என்றால் மணிக்கு 0.6 டிஎம்சி. அந்த வேகத்தில் வரும் தண்ணீரை நிரம்பிய அணை பிடித்து வைக்க முடியாது, பிடித்தால் அணைக்கே ஆபத்து. ஆகவே அந்த அதிகாலையில் திறந்ததைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாள் அணையில் எவ்வளவு இடம் வைத்திருந்தார்கள் என்பதையும், கீழே இருப்பவர்களுக்கு எப்படிச் சொன்னார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

"அஞ்சு தடவை எச்சரிக்கை விட்டோம்னு அமைச்சர் சொல்றாரு. எங்க ஊருக்கு ஒண்ணுமே வரலையே சார்?"

இரண்டும் உண்மையாக இருக்கலாம். நீர்வளத் துறை அமைச்சராக இருந்த துரைமுருகன் ஐந்து முறை எச்சரிக்கை கொடுக்கப்பட்டதாகச் சொன்னார். அணையிலிருந்து கலெக்டருக்குப் போவது ஒரு எச்சரிக்கை. கலெக்டர் அலுவலகத்திலிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து விஏஓவுக்கு, அவரிடமிருந்து தலையாரிக்கு, தலையாரியிடமிருந்து தெருவுக்கு. கோப்பில் "எச்சரிக்கை விடப்பட்டது" என்று எழுதுவதற்கு முதல் கட்டம் முடிந்தாலே போதும். கடைசிக் கட்டம் முடிந்ததா என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் 2015-இல் நடந்ததைச் சொல்கிறேன். மாலை நாலு மணிக்கு ஒரு ஆட்டோ மைக் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. மழைச் சத்தத்தில் கேட்டதெல்லாம் "கரையோர மக்கள்" என்ற இரண்டு வார்த்தை. எங்கள் தெரு கரையோரமா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது. எதிர் வீட்டுப் பாட்டி, "நாம கரையோரம் இல்லப்பா, அது குடிசைங்க இருக்கற இடம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரவு பதினொரு மணிக்கு அவரைத் தோளில் தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுபோனோம். அந்த ஆட்டோவும் எங்கோ ஒரு கோப்பில் எச்சரிக்கையாகப் பதிவாகியிருக்கும். எந்தத் தெரு, எத்தனை மணிக்குள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால்தான் என்னைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை.

"ரெட் அலர்ட் கொடுத்தும் அரசு தூங்கிடுச்சுன்னு ஒரு பக்கம், வானிலை மையமே சரியா சொல்லலைன்னு இன்னொரு பக்கம். எதை நம்பறது?"

இது 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலியில் பெய்த மழையை வைத்து வந்த சண்டை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. நம் மாநிலத்தில் பல ஊர்களுக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை அது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 12-ஆம் தேதியே வானிலை மையம் சொல்லிவிட்டது, முதல்வர் டெல்லியில் கூட்டணிக் கூட்டத்தில் இருந்தார் என்றார். அன்றைய தலைமைச் செயலாளர் சிவ்தாஸ் மீனா, சொன்னதைவிட மிக அதிகமாகப் பெய்தது என்றார்.

வானிலைத் துறையின் அளவுகோல் தெரிந்தால் இது தீரும். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-க்கு மேல் பெய்தால் "அதி கனமழை". அதற்கு மேல் வகையே கிடையாது. 21 செ.மீ.-க்கும் அதே சிவப்பு, 95 செ.மீ.-க்கும் அதே சிவப்பு. ஆகவே "எச்சரித்தோம்" என்பதும் நிஜம், "இவ்வளவு என்று சொல்லவில்லை" என்பதும் நிஜம். ஆனால் சிவப்பு என்றாலே நடவடிக்கை எடு என்றுதான் அர்த்தம். தாமிரபரணிக் கரையில் 21 செ.மீ.-க்கு ஆயத்தமாக இருந்தார்களா என்பதை மாநில அரசிடம் கேட்கலாம். 95 செ.மீ.-க்கு ஏன் ஆயத்தமாக இல்லை என்று கேட்பதில் நியாயம் குறைவு.

"மத்திய அரசு 900 கோடி கொடுத்துச்சுன்னு ஒருத்தர், ஒத்தப் பைசா தரலைன்னு இன்னொருத்தர். யார் புளுகறா?"

யாரும் புளுகவில்லை. வேறு வேறு டப்பாவைக் காட்டிப் பேசுகிறார்கள். மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று உண்டு. வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் நிதிக் குழு சொன்னபடி வருடா வருடம் அதில் பணம் சேர வேண்டும். தமிழ்நாட்டுக்கு மத்தியப் பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25. 2023-24-க்கு மத்தியப் பங்கு 900 கோடி ரூபாய், மாநிலப் பங்கு 300 கோடி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலின்போது அறிவிக்கப்பட்ட 450 கோடி, இந்த 900 கோடியின் இரண்டாவது தவணை. முதல் 450 கோடி ஏற்கனவே வந்திருந்தது. "900 கோடி கொடுத்தோம்" என்பது இதுதான். "எங்களுக்கு எப்படியும் வரவேண்டிய பணம்தானே" என்று மாநிலம் சொல்வதும் இதைத்தான்.

இன்னொரு டப்பா தேசியப் பேரிடர் நிதி. மாநில நிதி போதாதபோது கேட்பது. மாநிலம் மனு கொடுக்க வேண்டும், மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு முடிவு செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் நடந்த இரண்டு வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி. 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி. அதற்குள் மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டது.

இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி? மாநிலம் சாலை, பாலம், மின்கம்பம் எல்லாவற்றையும் திரும்பக் கட்டும் முழுச் செலவையும் கேட்கிறது. பேரிடர் நிதி விதியோ, உடனடி நிவாரணத்துக்கும் தற்காலிகச் சீரமைப்புக்கும் தலைக்கு இவ்வளவு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் வைத்து மட்டும் கொடுக்கிறது. அதிலும் கையிருப்பில் இருப்பதைக் கழித்துக்கொள்வார்கள். விதி இப்படி என்று தெரிந்தே மாநிலம் பெரிய எண்ணை மேடையில் சொல்கிறது, மத்திய அரசும் வழக்கமான தவணையை விசேஷ உதவி போல அறிவிக்கிறது. என்னைக் கேட்டால், நாலு மாதம் காக்க வைத்ததுதான் இதில் பெரிய அநியாயம். வெள்ளத்தில் உப்பளம் போனவருக்கு நாலு மாதம் என்பது ஒரு பருவம்.

"தேசியப் பேரிடர்னு அறிவிச்சா என்ன குறைஞ்சு போகுது?"

அப்படி அறிவிக்கும் ஏற்பாடே சட்டத்தில் இல்லை. மத்திய அரசு சொல்லும் இந்தப் பதில் சரி. ஆனால் ஒரு பேரிடரைக் கடுமையானது என்று ஏற்று தேசிய நிதியிலிருந்து தர வழி இருக்கிறது. பெயர் வைப்பதில் சண்டை போடுவதைவிட, போன கேள்வியில் சொன்ன பட்டியல் விலைகளைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டால் மீனவருக்கும் விவசாயிக்கும் பிரயோஜனம்.

"4,000 கோடிக்கு வடிகால் கட்டினாங்களே, மிக்ஜாம் வந்தப்ப அது எங்க போச்சு?"

வடிகால் தெருத் தண்ணீரை ஆற்றுக்கும் கால்வாய்க்கும் கொண்டுபோகும், அங்கிருந்து கடலுக்கு. 2023 டிசம்பர் 3, 4-இல் புயல் கரையை ஒட்டி மிக மெதுவாக நகர்ந்ததால் கடல் மட்டம் உயர்ந்து, முகத்துவாரங்கள் தண்ணீரை உள்வாங்கவில்லை. கீழே கடல்வாயில் வழி அடைத்திருந்தால் மேலே எத்தனை கோடிக்குக் கால்வாய் கட்டினாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன்.

ஏற்காத ஒன்று உண்டு. மழைக்கு முன் "இனி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்கிற தொனியில் பேசியவர்கள்தான் மழைக்குப் பின் கடல் மட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். எடப்பாடி பழனிசாமி வெள்ளை அறிக்கை கேட்டார். எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் முடிந்தது, எது ஆற்றோடு இணைந்தது என்று வார்டு வாரியாக வெளியிட்டிருந்தால் அந்தக் கோரிக்கைக்கே இடம் இருந்திருக்காது. வெள்ளத் தடுப்புக்காக அமைத்த திருப்புகழ் குழுவின் அறிக்கை 2023 மார்ச்சிலேயே முதல்வர் கைக்குப் போய்விட்டது. டிசம்பரில் தண்ணீர் வந்தபோது அது பொதுமக்கள் படிக்கும் நிலையில் இல்லை.

"ஏரியில வீடு கட்டினவன் மேலதான தப்பு? அரசை ஏன் திட்டணும்?"

ஏரியில் முதலில் வீடு கட்டியவர்களில் அரசே உண்டு. முகப்பேர், அம்பத்தூரில் வீட்டுவசதி வாரியம் போட்ட திட்டத்துக்கே "ஏரித் திட்டம்" என்றுதான் பெயர். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் குப்பைக் கிடங்கு வைத்தது மாநகராட்சி. தனியார் லேஅவுட் என்றாலும் அனுமதி கொடுத்தவர், பத்திரம் பதிந்தவர், மின் இணைப்பு கொடுத்தவர், வீட்டு வரி வாங்கியவர் எல்லாரும் அரசு அலுவலர்கள். நானும் அப்படி ஒரு லேஅவுட்டில்தான் மனை வாங்கினேன். விற்றவர் காட்டிய வரைபடத்தில் ஓடை ஒரு மெல்லிய கோடு. மழையில் பார்த்தபோது அது 40 அடி அகலம்.

தண்டனை மட்டும் ஒரே மாதிரி வருவதில்லை. 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் கரையிலிருந்த குடிசைகளை அகற்றி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகர்ப் பக்கமும் அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் குடியேற்றினார்கள். அதே கரையில் இருந்த பெரிய கட்டடங்கள் அங்கேயே இருக்கின்றன. இதைச் சொல்லாமல் ஆக்கிரமிப்பு பற்றிப் பேச எனக்குப் பிடிப்பதில்லை.

"நிவாரணப் பொட்டலத்துல ஸ்டிக்கர் ஒட்டினது நிஜமா, இல்ல வாட்ஸ்அப் கதையா?"

நிஜம். 2015-இல் பொதுமக்கள் அனுப்பிய பொருட்களை வழிமறித்து முதல்வர் படம் ஒட்டச் சொன்னதாகப் புகார்கள் வந்தன, படங்கள் வெளியாயின, நாடெங்கும் பேச்சானது. கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெட்ஷீட்டும் பிஸ்கட்டும் கட்டி அனுப்பியவர்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு லாரியை நான்தான் இறக்கினேன்.

"அதுக்குத்தான் 2016 தேர்தல்ல சனங்க பதில் சொல்லிட்டாங்களே?"

பாதிதான் சரி. 2016 மே தேர்தலில் சென்னை மாநகரின் 16 தொகுதிகளில் திமுக 10, அதிமுக 6. வெள்ளத்தில் மூழ்கிய சைதாப்பேட்டையும் வேளச்சேரியும் திமுகவுக்குப் போயின. ஆனால் தி.நகரும் விருகம்பாக்கமும் அதிமுகவுக்கு வந்தன. மாநிலம் முழுக்க 134 இடங்களுடன் அதே ஆட்சி திரும்பியது. தருமபுரியிலோ தேனியிலோ ஓட்டுப் போடுகிறவருக்கு அடையாறு ஒரு செய்தி மட்டும்தானே. ஒரு நகரத்தின் வெள்ளத்தை மாநிலத் தேர்தல் விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பது தப்பு.

"அலட்சியமா இருந்த அதிகாரி மேல கேஸ் போட முடியுமா?"

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடமையைச் செய்யத் தவறிய அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு வழக்குப் போட முடியாது என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அரசின் மேலேயே புகார் என்றால் அரசிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதனால் இந்தப் பாதையில் போனவர்கள் குறைவு. உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டு, இன்ன வேலையைச் செய்யச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் நடைமுறையில் கொஞ்சம் பலன் தருகிறது.

சட்டப்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் முதல்வர், மாவட்டத்துக்குக் கலெக்டர், தேசிய அளவில் பிரதமர். ஆகவே "அது என் வேலை இல்லை" என்று மூன்று பேரும் சொல்ல முடியாது.

"சரி அண்ணே, என்னை மாதிரி ஆள் என்ன கேட்கறது, யார்கிட்ட கேட்கறது?"

10 ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். "வெள்ளத்துக்கு யார் காரணம்" என்று எழுதினால் பதில் வராது. உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஏரியின் பெயரைப் போட்டு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மணிவாரியாக நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், ஷட்டர் தூக்கிய அளவு, ஒவ்வொரு எச்சரிக்கையும் போன நேரம், பெற்றுக்கொண்ட அலுவலரின் பதவி, இவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு.

எங்களுக்கு மேலே இருக்கும் ஒரு ஏரிக்கு நான் அப்படி ஒரு மனு போட்டேன். முதலில் "இணைப்பில் காண்க" என்று ஒரு கடிதம் வந்தது, இணைப்பு இல்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வந்தது. காலை 6 மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் நீல மையில் அளவு எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார் ஒருவர். இரவு 10 மணி வரை எழுத்து ஒரே சீராக இருக்கிறது. அதற்குப் பிறகு காலை 5 மணி வரை ஏழு கட்டங்கள் காலி. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது அந்த ஏழு மணி நேரத்தில்தான். அந்தக் கட்டங்களைக் குறிப்பிட்டு இரண்டாவது மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.